வகுப்பறைக்குப் பட்டா யாருக்கு?

நிலத்துக்குப் பட்டா உண்டு. வீட்டுக்குப் பத்திரம் உண்டு. வகுப்பறைக்கு?

பாடம் நடத்தும் முறைக்கே ஒரு கம்பெனி பட்டா வாங்கிவிட்டால் என்ன ஆகும்?

"அது எப்படி முடியும்?" என்று கேட்பீர்கள்.

முடிந்தது! 2006-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி, அமெரிக்காவில் அப்படி ஓர் உரிமை வழங்கப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கும் போனார்கள். மூன்று ஆண்டுகள் வழக்கு நடந்தது.

இது எங்கோ நடந்த கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

கம்ப்யூட்டருக்குள் ஒரு வகுப்பு

முதலில், இது எந்த வகுப்பறை என்று தெரிந்து கொள்வோம்.

இப்போது பல கல்லூரிகளில் இரண்டு வகுப்பறைகள் இருக்கின்றன. ஒன்று, பெஞ்சும் கரும்பலகையும் உள்ள வகுப்பறை. மற்றொன்று, இன்டர்நெட்டில் உள்ள வகுப்பறை.

ஆசிரியர் பாடக் குறிப்புகளை அதில் போட்டு வைப்பார். மாணவன் வீட்டில் இருந்தபடி எடுத்துப் படிப்பான். வீட்டுப் பாடத்தை அதிலேயே கொடுப்பான். ஆசிரியர் திருத்தி மார்க் போடுவார். சந்தேகம் வந்தால் ஒருவன் கேட்பான். ஆசிரியர் பதில் சொல்வார். சில சமயம் சக மாணவனே சொல்வான்.

இந்த வகுப்பறையை நடத்த ஒரு சாப்ட்வேர் வேண்டும். சாப்ட்வேர் என்றால் என்ன? கம்ப்யூட்டர் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த கட்டளைகள். அவ்வளவுதான்.

அந்தக் கட்டளை வரிகளைச் சில கம்பெனிகள் பூட்டி வைக்கும். பணம் கட்டினால் உபயோகிக்கலாம். ஆனால், உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. பழுது வந்தால் நீங்களே சரி செய்யவும் முடியாது.

வேறு சிலர் அந்த வரிகளை ஊரறிய வைத்து விடுகிறார்கள். யாரும் படிக்கலாம். யாரும் திருத்தலாம். பிறருக்கும் கொடுக்கலாம். இதற்குத்தான் "ஓபன் சோர்ஸ்" என்று பெயர். தமிழில் "திறந்த மூலம்" என்கிறார்கள்.

பூட்டிய வகுப்பறை நல்லதா? திறந்த வகுப்பறை நல்லதா? இதுதான் கேள்வி.

பாலைவனத்தில் ரேடியோப் பள்ளி

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி பெரும் வறண்ட பூமி. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பல மைல் தூரம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவது நடக்காத காரியம்.

பிள்ளைகள் படிப்பது எப்படி?

அங்கே டாக்டர்கள் விமானத்தில் பறந்து போய் வைத்தியம் செய்வார்கள். அவர்களை அழைப்பதற்காக வீடுகளில் ரேடியோக் கருவி வைத்திருந்தார்கள். அந்தக் கருவியிலேயே பாடமும் நடத்தினால் என்ன என்று ஒரு யோசனை பிறந்தது. 1951-ம் ஆண்டு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் "ஆகாயப் பள்ளி" தொடங்கியது. ஆசிரியர் ஊரில் இருந்து பேசுவார். பிள்ளைகள் வீட்டில் இருந்து பதில் சொல்வார்கள்.

பிற்காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்த ஒரு சிறுவனும் இப்படித்தான் படித்தான். பாடத் தாள்கள் விமானத்தில் வரும். ஆசிரியரின் குரல் ரேடியோவில் வரும்.

அந்தச் சிறுவனின் பெயர் மார்ட்டின் டூகியாமஸ்.

வளர்ந்து பெரியவரானதும், பெர்த் நகரில் உள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே "வெப்சிடி" என்ற சாப்ட்வேரில் வகுப்புகள் நடந்தன. அதைக் கவனித்துக் கொள்வது அவர் பொறுப்பு. அது பூட்டிய சாப்ட்வேர். குறை தெரியும்; திருத்த முடியாது. வாத்தியார் கேட்கும் வசதியைச் செய்து கொடுக்கவும் வழி இல்லை.

மார்ட்டின் பார்த்தார். தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். 2002-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி அதன் முதல் பதிப்பை வெளியிட்டார். அதற்கு "மூடில்" என்று பெயர்.

அவர் அதைப் பூட்டவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று லைசென்ஸ் எழுதினார். ஒரே ஒரு நிபந்தனை. மாற்றி அமைத்துப் பிறருக்குக் கொடுக்கிறவரும் அதே உரிமைகளை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வாங்கியதைப் பூட்டி வைத்து விற்கக் கூடாது.

பாலைவனத்துச் சிறுவனின் வகுப்பறை உலகம் சுற்றக் கிளம்பியது!

பிரிட்டனில் "திறந்தவெளிப் பல்கலைக்கழகம்" இருக்கிறது. தபாலிலும் டெலிவிஷனிலும் பாடம் நடத்திப் பேர் வாங்கியது. 2005-ம் ஆண்டு அதுவும் மூடிலைத் தேர்ந்தெடுத்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் மும்பை ஐ.ஐ.டி.யும் இதைப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. 100-க்கு மேற்பட்ட மொழிகளில் மூடில் இருக்கிறது. தமிழும் அவற்றில் ஒன்று. இந்த மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் யார்? அதை உபயோகிக்கிறவர்களே!

ஜப்பானியச் சமையல்காரர்

இதே காலத்தில் அமெரிக்காவிலும் ஒரு கூட்டு முயற்சி நடந்தது.

மிச்சிகன், இந்தியானா, ஸ்டான்போர்டு, எம்.ஐ.டி. ஆகிய நான்கும் பெரிய கல்விக்கூடங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே இப்படி ஒரு சாப்ட்வேரை எழுதிக் கொண்டிருந்தன. நாலு பேரும் நாலு கிணறு வெட்டுவானேன்? ஒரு கிணறு போதாதா? 2004-ல் அவை ஒன்று சேர்ந்தன. "சக்காய்" என்ற சாப்ட்வேர் பிறந்தது.

பெயர் விசித்திரமாக இருக்கிறது அல்லவா? மிச்சிகனில் முதலில் செய்திருந்த சாப்ட்வேரின் சுருக்கப் பெயர் "செப்". இங்கிலீஷில் அதற்குத் தலைமைச் சமையல்காரர் என்று பொருள். ஜப்பானில் ஹிரோயுகி சக்காய் என்பவர் டெலிவிஷன் புகழ் பெற்ற சமையல்காரர். செப்புக்குப் பின் வந்த சாப்ட்வேருக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்!

கோர்ட்டில் வகுப்பறை

இனி வழக்குக்கு வருவோம்.

அமெரிக்காவில் "பிளாக்போர்டு" என்று ஒரு கம்பெனி. 1997-ல் தொடங்கியது. கரும்பலகை என்பதுதான் அதன் பெயர். இன்டர்நெட் வகுப்பறை வியாபாரத்தில் முன்னணியில் நின்றது. 18 கோடி டாலர் விலை பேசி, "வெப்சிடி"யையும் வாங்கிக் கொண்டது.

இந்த "வெப்சிடி" கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஓர் ஆசிரியர் தம் மாணவர்களுக்காகச் செய்தது. பல்கலைக்கழகத்தில் பிறந்தது, கைமாறிக் கைமாறிக் கடைசியில் கம்பெனியின் சொத்தாயிற்று. பிற்பாடு அந்தப் பெயரும் மறைந்து போயிற்று. அதை நம்பி வகுப்பு நடத்திய பல்கலைக்கழகங்களுக்கு இந்த வியாபாரப் பேச்சில் இடம் இல்லை.

2006 ஜனவரியில், இன்டர்நெட் மூலம் கல்வி நடத்தும் ஏற்பாட்டுக்குப் பிளாக்போர்டு "பேடண்ட்" வாங்கியது. பேடண்ட் என்றால் புதிதாகக் கண்டுபிடித்தவருக்கு அரசாங்கம் கொடுக்கும் தனி உரிமை. அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது.

அதே ஆண்டு ஜூலையில், கனடாவில் உள்ள "டிசையர் டு லேர்ன்" என்ற போட்டிக் கம்பெனி மீது டெக்சாஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டது.

அப்படி என்ன கண்டுபிடித்தார்கள்?

வழக்கில் முக்கியமாக அடிபட்ட விஷயம் இது. ஒருவரே ஒரு பாடத்துக்கு மாணவராகவும், இன்னொரு பாடத்துக்கு ஆசிரியராகவும், ஒரே பெயரில் உள்ளே வந்து வேலை பார்க்கலாம் என்ற ஏற்பாடு.

நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், ஒருவரே ஒரு வீட்டில் மகன், மற்றொரு வீட்டில் மருமகன். இதற்கு யாராவது தனி உரிமை கேட்பார்களா? கல்லூரிகளில் மேல் வகுப்பு மாணவர் கீழ் வகுப்புக்குப் பாடம் எடுப்பது நீண்ட காலமாக இருந்து வரும் வழக்கம் ஆயிற்றே!

பல்கலைக்கழகங்களில் கொதிப்பு உண்டாயிற்று. "நாங்கள் கூடிச் செய்ததை எல்லாம் ஒருவர் தம்முடையது என்பதா?" என்று கேட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களும் கம்ப்யூட்டர் நிபுணர்களும் விக்கிபீடியாவில் ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தார்கள். இன்டர்நெட் வகுப்பறையின் வரலாறு அது. எந்த ஆண்டு, எந்தக் கல்லூரி, எந்தச் சாப்ட்வேர் என்று ஆளுக்கு ஒரு செய்தியாகக் கொண்டு வந்து சேர்த்தார்கள். பேடண்ட் கேட்பதற்கு முன்பே இவை எல்லாம் உலகத்தில் இருந்தன என்று காட்டுவதே நோக்கம்.

ஊர்ச் சொத்தை ஒருவர் தம் பெயரில் பதிந்துவிட்டால், ஊர்ப் பெரியவர்கள் பழைய தஸ்தாவேஜுகளைத் தேடி எடுப்பார்கள் அல்லவா? அதைப் போலத்தான்.

மூடில், சக்காய், ஏட்டியூட்டர் என்ற மூன்று திறந்த சாப்ட்வேர்களின் சார்பில், பேடண்டை மறுபடியும் பரிசீலிக்க வேண்டும் என்று மனுப் போட்டார்கள். அது ஏற்கப்பட்டது. 2007 பிப்ரவரியில் பிளாக்போர்டு இறங்கி வந்தது. திறந்த சாப்ட்வேர்கள் மீது இந்தப் பேடண்டைப் பிரயோகிக்க மாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்தது.

ஆனால், கனடாக் கம்பெனி மீது போட்ட வழக்கு தொடர்ந்தது. 2008 பிப்ரவரியில் ஜூரிகள் பிளாக்போர்டு பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 31 லட்சம் டாலர் நஷ்ட ஈடு!

கனடாக் கம்பெனி அப்பீல் செய்தது. 2009 ஜூலையில் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பை மாற்றியது. வழக்கில் இருந்த உரிமைகள் எல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டது.

பட்டா போயிற்று. வகுப்பறை தப்பியது!

ஆராய்ச்சிக்கும் இதே நியாயம்

பாடத்துக்கு மட்டும் அல்ல. ஆராய்ச்சிக்கும் திறந்த கதவு தேவை.

கொலம்பியா நாட்டைச் சேர்ந்தவர் பெர்னாண்டோ பெரஸ். 2001-ல் அமெரிக்காவில் பௌதிகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக் கொண்டிருந்தார். தம் வேலைக்கு உதவியாக ஒரு சிறு சாப்ட்வேர் எழுதினார். அதையும் பூட்டவில்லை. பலரும் கை கொடுத்தார்கள். அது வளர்ந்து "ஜுப்பிட்டர்" நோட்டுப் புத்தகம் ஆயிற்று.

இது கம்ப்யூட்டரில் உள்ள நோட்டுப் புத்தகம். விளக்கம், கணக்கு, விடை, படம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். விசேஷம் என்னவென்றால், அந்தக் கணக்கை நீங்களும் மறுபடி போட்டுப் பார்க்கலாம். விஞ்ஞானி சொன்ன விடை வருகிறதா என்று சோதிக்கலாம்.

2015 செப்டம்பர் 14-ந் தேதி ஓர் அதிசயம் நிகழ்ந்தது. சுமார் 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாயின. அதனால் எழுந்த அலை பூமியைக் கடந்து போனது. அமெரிக்காவில் "லைகோ" என்ற ஆராய்ச்சி நிலையத்தின் கருவிகள் அதைப் பிடித்தன. அது நீடித்த நேரம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு!

2016 பிப்ரவரியில் விஞ்ஞானிகள் இதை உலகத்துக்கு அறிவித்தார்கள். "நாங்கள் சொல்கிறோம், நம்புங்கள்" என்று சொல்லவில்லை. கருவி பதிந்த எண்களையும், கணக்குப் போட்டுக் காட்டும் ஜுப்பிட்டர் நோட்டையும் சேர்த்தே வெளியிட்டார்கள். எந்த ஊர் மாணவனும் அதை இறக்கி, கணக்கைப் போட்டு, அந்த அலையை ஓர் ஒலியாக மாற்றிக் காதால் கேட்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

அடுத்த ஆண்டு இந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற கணக்கைச் சிற்றூர்க் கல்லூரி மாணவன் தன் கையால் போட்டுப் பார்க்கிறான். இதைவிடப் பெரிய சமத்துவம் கல்வியில் வேறு என்ன வேண்டும்?

இனாம் அல்ல

"அப்படியானால் எல்லாம் இனாமா?" என்று கேட்கலாம்.

இல்லை! இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

சாப்ட்வேருக்கு விலை இல்லை என்பது உண்மை. ஆனால், அதை வைத்து நடத்தக் கம்ப்யூட்டர் வேண்டும். கரண்டு வேண்டும். திருடர் புகாமல் காவல் வேண்டும். மார்க்குகளுக்கு நகல் எடுத்து வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் மூடிலைத் தேர்ந்தெடுத்தபோது, அந்த ஏற்பாட்டுக்கு 50 லட்சம் பவுன் ஒதுக்கியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சக்காயைத் தொடங்கிய மிச்சிகனும் இந்தியானாவும் பிற்பாடு அதை விட்டு, "கான்வாஸ்" என்ற கம்பெனிச் சேவைக்கு மாறிவிட்டன. பராமரிப்பைத் தலையில் கட்டிக் கொண்டு திண்டாடுவதைவிட, பணம் கொடுத்து ஒப்படைப்பது சுலபம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தக் கான்வாஸ்கூடத் தன் கட்டளை வரிகளில் பெரும் பகுதியைத் திறந்தே வைத்திருக்கிறது என்பது கவனிக்க வேண்டியது. பூட்டி வைத்தால் நம்பமாட்டார்கள் என்ற நிலை கம்பெனிகளுக்கும் வந்து விட்டது!

நம் முன்னோர்கள் ஏரி வெட்டினார்கள். ஏரி ஊருக்குப் பொது. தண்ணீருக்கு விலை கிடையாது. ஆனால், கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியுடன் போக வேண்டும். தூர் வார வேண்டும். கரையைப் பலப்படுத்த வேண்டும். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். குடிமராமத்து நின்று போன ஊர்களில் ஏரி மேடாயிற்று.

திறந்த சாப்ட்வேரும் பொது ஏரிதான். எல்லோரும் தண்ணீர் எடுத்து, ஒருவரும் தூர் வாராவிட்டால் அதுவும் மேடாகும்.

கொரோனா சொன்ன பாடம்

2020-ல் கொரோனா வந்தது. உலகம் முழுவதும் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். இந்தியாவில் மார்ச் 25-ந் தேதி நாடே முடங்கியது.

அன்று வகுப்பறை என்றால் இன்டர்நெட் வகுப்பறைதான். வேறு இல்லை.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007-ல் தொடங்கிய "பிக் புளூ பட்டன்" என்ற திறந்த சாப்ட்வேர் அப்போது கை கொடுத்தது. அதன் மூலம் ஆசிரியர் முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டுப் படிக்கலாம். மூடிலோடு இணைத்தும் பயன்படுத்தலாம். முன்பே தங்கள் சொந்த வகுப்பறையை அமைத்து, அதை நடத்த ஆளும் வைத்திருந்த கல்விக்கூடங்கள் சீக்கிரம் சமாளித்தன. ஒன்றும் இல்லாதவை கிடைத்த கம்பெனியின் கதவைத் தட்டின. மழை பெய்யும்போது கூரை வேய முடியுமா?

என்ன செய்ய வேண்டும்?

மக்கள் வரிப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

ஒன்று: வகுப்பறையின் சாவி பல்கலைக்கழகத்தின் கையில் இருக்க வேண்டும். கம்பெனியிடம் வேலை கொடுங்கள், தவறு இல்லை. ஆனால், பாடம், மார்க், ஆராய்ச்சிக் கணக்கு ஆகிய அனைத்தையும் என்றைக்கு வேண்டுமானாலும் முழுமையாகத் திரும்ப எடுத்துக் கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எழுதாத உரிமை கோர்ட்டில் நிற்காது.

இரண்டு: ஆள் வையுங்கள். கட்டடத்துக்கு வாட்ச்மேன் உண்டு. தோட்டத்துக்குத் தோட்டக்காரர் உண்டு. இன்டர்நெட் வகுப்பறைக்கும் பொறுப்பான நிபுணர் வேண்டும். அவருடைய பதவி நிரந்தரமாக இருக்க வேண்டும். லைசென்சில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடலாம்.

மூன்று: குடிமராமத்து செய்யுங்கள். எடுத்துக் கொண்டால் மட்டும் போதாது; திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்களுக்கு, திறந்த சாப்ட்வேரில் ஒரு குறையைத் திருத்துவதையே பயிற்சியாகக் கொடுக்கலாம். தமிழ் படிக்கும் மாணவர்கள் அதன் தமிழைச் செம்மையாக்கலாம். அவர்கள் செய்யும் வேலை நம் ஊருக்கு மட்டும் அல்ல, உலகில் தமிழ் படிக்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

பெற்றோர்களும் கேட்கலாம். பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்கிறீர்கள். விடுதியைப் பார்க்கிறீர்கள். இனிமேல் இதையும் கேளுங்கள்: "என் பிள்ளையின் பாடமும் மார்க்கும் எங்கே இருக்கும்? அதற்கு யார் பொறுப்பு?" பதில் சொல்லத் தெரியாத கல்லூரி, இனிமேலாவது யோசிக்கும்.

டெக்சாஸ் கோர்ட்டில் போட்ட வழக்கு முடிந்துவிட்டது. பட்டா ரத்தாகிவிட்டது. ஆனால், தன் சொத்தைத் தானே கவனிக்காதவனிடம் இருந்து அதை எடுத்துக் கொள்ளக் கோர்ட்டும் வேண்டாம், பட்டாவும் வேண்டாம். மாதச் சந்தா ஒன்றே போதும்!

வகுப்பறை ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரியது. அதைக் கட்டிக் காக்கும் வேலையும் அவர்களுடையதே. பல்கலைக்கழகங்கள் அந்த வேலையை இந்தக் கல்வி ஆண்டிலேயே தொடங்கட்டும்.